விஎம்முக்குள் சுபத்ரா

முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் அந்தச் சந்துக்குள் வண்டி வராது என்று ஆட்டோக்காரர் முனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். கணுக்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஜோவிதா நடந்தாள். அலுவலகம் என்று சொன்னது ஒரு பழைய மாடி வீடு. கீழ்ச்சுவரில் எப்போதோ வந்து போன வெள்ளத்தின் கறை இடுப்புயரத்துக்கு நின்றது. மாடியில் சில கம்ப்யூட்டர்கள், ஈரத்தில் ஊதிப்போன ஜன்னல் கதவுகள், அழுது வடியும் ஒரு டியூப்லைட்.

"வாம்மா. இதான் உன் சீட்" என்றார் குமரேசன். பள்ளிக்கூடங்களுக்காக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் செய்துகொண்டிருந்த அந்தச் சின்னக் கம்பெனியின் முதலாளி அவர்தான். "சுபத்ரா உட்கார்ந்த இடம். காய்ச்சல்ல போயிட்டா, பாவம். அவளை மாதிரி பக் ரிப்போர்ட் எழுத இனிமே ஒருத்தி பொறந்துதான் வரணும்."

விஎம் என்பது கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதாகப் பாவனை செய்யும் மென்பொருள். அதற்குள் சிஸ்டத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நிஜக் கம்ப்யூட்டரில் தலைகாட்டாமல் விஎம்முக்குள் மட்டும் வருகிற கோளாறுகளைப் பிடித்து, அவை எப்போது வருகின்றன, எப்படி வரவைப்பது என்று பக் ரிப்போர்ட் எழுதி வைக்க வேண்டும். இதுதான் ஜோவிதாவின் வேலை.

அதில் அவள் கெட்டிக்காரி. ஆனால் எதை எழுதிக் கொண்டுபோனாலும் குமரேசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நல்லாருக்கு. ஆனா சுபத்ராவா இருந்தா..." என்று ஆரம்பித்தார்.

செத்துப்போனவளோடு எப்படிப் போட்டி போடுவது? அவள் இனிமேல் தப்பே செய்ய மாட்டாள். ஜோவிதாவுக்கு வயிறு எரிந்தது.

ஒரு மழைநாள் மத்தியானம், சுபத்ரா அமைத்து வைத்திருந்த விஎம்முக்குள் ஜோவிதா வேலை செய்துகொண்டிருந்தபோது மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது.

கையை எடுத்தாள்.

அம்பு நிற்கவில்லை. அவள் எழுதியிருந்த வரியின் நடுவே ஊர்ந்து போய் நின்றது. ஒரு சொல் அழிந்தது. அந்த இடத்தில் வேறொரு சொல் விழுந்தது.

அவளுடையதைவிடப் பொருத்தமான சொல்.

நிஜக் கம்ப்யூட்டரில் மறுபடி மறுபடி சோதித்தாள். அங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. விஎம்மில் மட்டும்தான்.

டீ டம்ளரை வைக்க வந்த கன்னியம்மா மூக்கை உறிஞ்சினாள். "இன்னா மா, தைலம் தேச்சிக்கினியா? தலவலியா?"

"இல்லக்கா."

"அந்தப் பொண்ணு சுபத்ராதான் எப்பப் பாத்தாலும் தேச்சிக்கினே கெடக்கும்..." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள்.

அப்போதுதான் ஜோவிதாவுக்கும் அந்த வாசனை தெரிந்தது. தோளுக்குப் பின்னாலிருந்து, காதோரமாக.

மறுநாள் குமரேசன் அவள் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "இது! இதைத்தான் கேட்டேன்! அப்படியே சுபத்ரா கை!"

ஜோவிதா வாங்கிப் பார்த்தாள். பாதிக்கு மேல் அவள் எழுதியதல்ல.

பயந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது. செத்த பிறகும் பேர் அவளுக்கா?

இருக்கைக்குத் திரும்பியதும் சுபத்ராவின் விஎம்மை அழிக்கக் கட்டளை கொடுத்தாள். 'அழித்தால் திரும்பப் பெற முடியாது, சம்மதமா?' என்று திரை கேட்டது. அழுத்தினாள்.

விஎம் மறைந்தது. மழைச் சத்தம்கூட ஓய்ந்தது போலிருந்தது.

டக்.

மடியில் இருந்த கைகளைப் பார்த்தாள். பிறகு கீபோர்டைப் பார்த்தாள்.

டக். டக். டக்.

யாரும் தொடாமல் விசைகள் ஒவ்வொன்றாக அமுங்கி எழுந்தன. திரையில், இம்முறை நிஜக் கம்ப்யூட்டரின் திரையிலேயே, வரிகள் வந்தன.

'கோளாறு: ஜோவிதா.

நிஜத்தில் மட்டும் இருக்கிறாள்.

என் நாற்காலியில் இருக்கிறாள். மூச்சு விடுகிறாள்.

நான் ஏன் இல்லை?'

அந்த எரிச்சலை ஜோவிதாவுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளாக அவள் வயிற்றில் கிடந்ததுதான். இப்போது எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்தது.

பிளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது.

கீபோர்டு ஓயவில்லை.

பையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினாள். சந்துத் தண்ணீரில் வெறுங்காலோடு விழுந்து எழுந்து, குரோம்பேட்டை வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. விடிந்ததும் செல்போனிலேயே ராஜினாமா மெயில் அனுப்பினாள்.

"நல்ல வேலையாச்சேடி" என்றாள் அம்மா.

பத்தரை மணி வாக்கில் குமரேசன் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? வேலையை விடறேன்னு மெயில் அனுப்பிட்டு, நீயே வந்து உட்கார்ந்திருக்கே?"

"சார்?"

"கதவுகிட்ட நின்னு எத்தனை தடவை கூப்பிடறது? திரும்பவே மாட்டேங்கறே. எம்மேல கோபமா? அதான் போன் போட்டேன்."

"சார்... நான் வீட்ல இருக்கேன்."

அவர் சிரித்தார். "விளையாடாதம்மா. என் கண்ணு முன்னாடிதானே டைப் அடிச்சிட்டிருக்கே. நேத்து போட்டிருந்த அதே மஞ்சள் சுடிதார், அதே பின்னல். சும்மா சொல்லக்கூடாது, இன்னிக்குக் காலையில நீ எழுதினது இருக்கே, சுபத்ராவைவிட ஒரு படி மேல!"

இத்தனை நாள் அவள் ஏங்கிக் கிடந்த வார்த்தை. யாருக்கோ கிடைத்துவிட்டது. அந்தப் பயத்திலும் அவள் நெஞ்சு ஒருமுறை சுருக்கென்றது.

"சார், பக்கத்துல போகாதீங்க. வெளிய வந்துடுங்க, ப்ளீஸ்."

போனுக்குள் நாற்காலி ஒன்று கிரீச்சிட்டுத் திரும்பியது.

பிறகு ஒரு பெண் பேசினாள். ஜோவிதாவின் குரல்தான். ஆனால் அவளுடையதைவிடத் தெளிவாக இருந்தது.

"யாரு சார் போன்ல?"