கண்டக்டர் பெரியப்பாவும் ரெண்டு விசிலும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பெரியப்பா வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர்.

பெரியப்பா ஜன்னலோர நாற்காலியில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அப்பா கட்டிலின் ஓரத்தில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓடத் தயாராக இருப்பவர் போல் உட்கார்ந்திருந்தார். அத்தை மர ஸ்டூலில், மூக்கை மட்டும் பெரியப்பாவுக்கு எதிர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். நான்காவது ஆள் பெரியப்பாவின் மகள். வீட்டுப் பிள்ளைகளுக்கு அவள் அக்கா. பெரியப்பாவுக்கு மட்டும் பாப்பா. ரயிலில் பன்னிரண்டு மணி நேரம் போனால்தான் அவள் ஊர் வரும். அதனால் அவள் கைப்பேசிக்குள் உட்கார்ந்திருந்தாள். கைப்பேசி மேசை மேல் தண்ணீர் ஜக்கில் சாய்ந்திருந்தது. அது அடிக்கடி சறுக்கியதால், பாதி நேரம் அக்கா மின்விசிறியைப் பார்த்துத்தான் பேசினாள்.

ஐந்தாவது ஆளுக்கு நாற்காலி கிடைக்கவில்லை. கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். கட்டிலோரத்து அப்பாவின் மகள், பத்து வயது. பெரியப்பா அவளுக்கு வைத்த பெயர் அரை டிக்கெட். பெரியப்பா முப்பத்துநான்கு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். அவர் கண்ணுக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான்: முழு டிக்கெட், அரை டிக்கெட்.

"என்ன விஷயம்னு நானே சொல்லிடறேன்," என்று அத்தை ஆரம்பித்தார். "அண்ணன் சட்டை நாறுது."

"ஏய், மெதுவா," என்றார் அப்பா.

"மெதுவா சொன்னா மட்டும் நாத்தம் போயிடுமா? போன வாரம் வந்தேன், நாறுச்சு. அதுக்கு முந்தின வாரம் வந்தேன், நாறுச்சு. இன்னைக்கு வாசல்லயே வரவேற்குது!"

"நான் துவைச்சேன்," என்றார் பெரியப்பா. "செவ்வாய்க்கிழமை மெஷின்ல போட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்தேன். மடிச்சு வெச்சேன்."

"மடிச்சு வெச்சீங்களா? காய வைக்கலையா?"

"அது எதுக்கு? அதுவே காய வெச்சும் குடுத்துடுதே. பாப்பா வாங்கிக் குடுத்த மெஷின்னா சும்மாவா!" பெரியப்பாவின் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது.

கைப்பேசித் திரையில் ஒரு முகம் நெருங்கி வந்தது. பிறகு அக்கா மெல்லச் சொன்னாள்.

"அப்பா... நான் வாங்கினது காய வைக்கிற மெஷினே இல்லப்பா."

 அரை டிக்கெட் பெரியப்பாவைப் பார்த்தாள். நிமிர்ந்திருந்த முதுகு இப்போது நாற்காலியில் சாய்ந்துவிட்டது.

"நீங்க துணியைப் போடறீங்க. ஆனா ஓட விட மறந்துடறீங்க," என்றாள் அக்கா. "இன்னைக்குத் துணி. நாளைக்கு அடுப்பை அணைக்க மறந்துட்டீங்கன்னா? அம்மா போனதுக்கப்புறம் உங்களைத் தனியா விட்டதே தப்பு. அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போடுங்கப்பா. சித்தப்பா நாளைக்கே தபால்ல போட்டுடுவார்."

காகிதம் மேசைமேல் தயாராக இருந்தது. வீட்டுக்காரருக்கு எழுதிய கடிதம். வரும் மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறேன் என்று அச்சடித்து, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

அரை டிக்கெட் ஜன்னலைப் பார்த்தாள். பெரியப்பாவுக்கு இந்தத் தெரு பிடிக்கும். மூலையில் திரும்பும் ஒவ்வொரு பஸ்ஸின் நம்பரும் அவருக்குத் தெரியும். அந்த டிரைவர்கள் இந்த ஜன்னலைப் பார்த்து ஒரு ஹார்ன் அடித்துவிட்டுத்தான் போவார்கள். அக்கா வீடு இருக்கும் ஒன்பதாவது மாடியில் யார் ஹார்ன் அடிப்பார்கள்?

பெரியப்பா பேனாவைத் தேடினார். "மறதின்னு ஆயிடுச்சுன்னா, பெரியவங்க சொல்றதைக் கேட்டுத்தானே ஆகணும்," என்றார். அங்கே அவரைவிடப் பெரியவர் யாரும் இல்லை. ஆனாலும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பேனா கிடைப்பதற்குள் அரை டிக்கெட் நழுவிவிட்டாள்.

குளியலறைக்கு வெளியே, நடையில் நின்றது மெஷின். வெள்ளை நிறம், முன்பக்கம் வட்டமான கண்ணாடிக் கதவு. ஓரத்தில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூடப் பெரியப்பா இன்னும் உரிக்கவில்லை. கீறல் விழக்கூடாதாம்.

அவள் கதவைத் திறந்தாள், மூடினாள். பொத்தான்களைப் பார்த்தாள். பிறகு சோப்புத்தூள் போடும் சின்ன இழுப்பறையை இழுத்தாள்.

உள்ளே சோப்புத்தூள் குன்றுபோல் குவிந்து கிடந்தது. கரையாத தூள். ஒரு தடவைக்கு ஒரு கரண்டிதான் போட வேண்டும். இங்கே மூன்று கரண்டியாவது இருக்கும்.

அரை டிக்கெட் யோசித்தாள். மறதிக்காரர் என்றால் தூள் போடவும் மறந்திருக்க வேண்டாமா? பெரியப்பா ஒரு தடவைகூட மறக்கவில்லை. வாரம் தவறாமல் போட்டிருக்கிறார். மெஷின்தான் அதைத் தொடவில்லை.

முன்னறைக்கு ஓடினாள். பெரியப்பா பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம்! பெரியப்பா, எனக்கு ஒரு தடவை துவைச்சுக் காட்டுங்க."

"எதுக்குடி இப்ப?" என்றார் அத்தை. "நான் வந்து ரெண்டு பொத்தானை அமுக்கினா முடிஞ்சுது."

"நீங்க அமுக்கக் கூடாது அத்தை. அப்பாவும் கூடாது. யாரும் கை வைக்கக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. பெரியப்பா மட்டும்தான்."

"பேச்சைப் பாரு! செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரி!"

இன்ஸ்பெக்டர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பெரியப்பா எழுந்துவிட்டார். முப்பத்துநான்கு வருடப் பழக்கம். "செக்கிங்னா வரட்டும். நமக்கு என்ன பயம்?"

எல்லோரும் நடைக்கு வந்தார்கள். கைப்பேசியை அப்பா தூக்கி வந்தார்.

பெரியப்பா துணிகளை எண்ணி எண்ணி உள்ளே போட்டார். நான்கு சட்டை, இரண்டு துண்டு, ஒரு தலையணை உறை. கதவை இரண்டு விரலால் தொட்டு, தூங்கும் குழந்தை இருக்கும் அறைக் கதவைச் சாத்துவதுபோல் மெதுவாகச் சாத்தினார். ஒரு துண்டின் நுனி வெளியே நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. சரியான பொத்தான்களைச் சரியான வரிசையில் அமுக்கினார். ஒன்றுகூடத் தப்பில்லை.

பீப்! பீப்!

"ரைட்!" என்றார் பெரியப்பா. உள்ளங்கையால் மெஷினின் பக்கவாட்டில் பட்பட்டென்று தட்டிவிட்டு, திரும்பி நடந்தார்.

"எங்க போறீங்க பெரியப்பா?"

"வண்டி கிளம்பியாச்சே. ரெண்டு அடிச்சுதே, கேக்கலையா? ஒண்ணு அடிச்சா ஹோல்டான். ரெண்டு அடிச்சா போலாம் ரைட்."

மெஷின் அசையவே இல்லை. தண்ணீர்ச் சத்தமும் இல்லை.

அத்தை வாயைத் திறந்தார். அரை டிக்கெட் விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கதவு சரியாக மூடவில்லை என்பதற்குத்தான் இந்த மெஷின் இரண்டு தடவை கத்துகிறது. ஆனால் 'கதவை ஒழுங்கா மூடலை' என்று எல்லோர் முன்னாலும் சொன்னால் பெரியப்பாவின் முகம் என்ன ஆகும்? ஏற்கெனவே சட்டை, மறதி, காகிதம் என்று மூன்று அடி வாங்கிவிட்டார். நான்காவதை அவள் கையால் கொடுப்பதா?

அவள் பெரியப்பாவின் விரலைப் பிடித்தாள்.

"பெரியப்பா, ஒரு சந்தேகம். இந்த வண்டிக்குக் கண்டக்டர் யாரு?"

"இதென்ன கேள்வி? ஆளை ஏத்தறது நான், எண்ணறது நான். நான்தான்."

"அப்ப டிரைவர்?"

"ஓட்டறது மெஷின். அதுதான் டிரைவர்."

"டிரைவர் விசில் அடிப்பாரா?"

"அவன்கிட்ட ஏது விசில்? விசில் என்கிட்ட. அவன்கிட்ட இருக்கறது ஹார்..."

பெரியப்பா நின்றுவிட்டார். வாய் 'ஹார்' என்ற இடத்திலேயே திறந்திருந்தது. மெல்லத் திரும்பி மெஷினைப் பார்த்தார்.

"அப்ப அது அடிச்சது விசில் இல்ல!"

"இல்ல," என்றாள் அரை டிக்கெட்.

"ஹார்ன்!"

"கிளம்பாம நின்னுக்கிட்டு டிரைவர் ரெண்டு ஹார்ன் அடிச்சா என்ன அர்த்தம் பெரியப்பா?"

"யோவ் கண்டக்டர், பின்னாடி பாருய்யா, படியில ஆள் தொங்குதுன்னு அர்த்தம்." பெரியப்பா குனிந்தார். நாக்கை நீட்டிக்கொண்டிருந்த துண்டைக் கண்டார். அவர் குரல் ஒரே நொடியில் முப்பது வயது குறைந்து, தெருக்கோடி வரை கேட்டது. "ஏம்ப்பா துண்டு! படியில நிக்காத! உள்ள அவ்வளவு இடம் கிடக்குது, உள்ள ஏறு, உள்ள ஏறு!"

துண்டை உள்ளே தள்ளினார். பிறகு கதவின் மேல் கை வைத்துத் தயங்கினார்.

"நல்லா சாத்துங்க அண்ணா," என்றார் அப்பா.

"பாப்பா வாங்கிக் குடுத்ததுடா. அடிச்சுச் சாத்த மனசு வரல."

அப்பாவின் கையில் இருந்த கைப்பேசியில் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அடிச்சே சாத்துங்கப்பா. உடைஞ்சா வேற வாங்கலாம்," என்றாள்.

டப்! கதவு மூடியது.

பெரியப்பா பொத்தானை அமுக்கப் போனவர், கையை இழுத்துக்கொண்டார். சோப்புத்தூள் இழுப்பறையை இழுத்துப் பார்த்தார். "அடேயப்பா, ஓவர்லோடு! மூணு டிரிப் கூட்டமும் ஒரே வண்டியில!" என்று இரண்டு கரண்டித் தூளை டப்பாவுக்குத் திருப்பினார். அதை யாரும் சொல்லித் தரவில்லை.

அடுத்து முன்னறைக்குப் போய், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிய விசிலை எடுத்து வந்தார். வெளுத்துப்போன கயிற்றில் கட்டிய பித்தளை விசில். அதை அவர் யாருக்கும் ஊதக் கொடுத்ததில்லை. அரை டிக்கெட் மூன்று வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: "இது விளையாட்டுச் சாமான் இல்ல. இதை ரெண்டு ஊதினா அறுபது பேர் கிளம்பணும்."

பீஈ! பீஈ!

"போலாம் ரைட்!" என்று பொத்தானை அமுக்கினார்.

பீப். ஒரே ஒரு தடவை. உள்ளே தண்ணீர் கொட்டியது. துணிகள் புரண்டன. கண்ணாடிக்குப் பின்னால் துண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து முகம் காட்டிப் போனது.

"என்ன சத்தம் அது? காதே போச்சு!" என்று அக்கா கத்தினாள்.

"டிரைவருக்குச் சிக்னல் குடுத்தேன் பாப்பா," என்றார் பெரியப்பா. முதுகு பழையபடி நிமிர்ந்திருந்தது.

மெஷின் முன்னால் அவரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் நகரவில்லை. கடைசியில் நீளமாக ஒரு பீப் வந்தபோது, யாரும் கேட்காமலே எழுந்து, "கடைசி ஸ்டாப்! எல்லாரும் இறங்குங்க!" என்று கதவைத் திறந்தார். ஈரச் சட்டை ஒன்றை எடுத்து அத்தையிடம் நீட்டினார்.

அத்தை முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார். "நல்லாத்தான் இருக்கு," என்றார், ஏதோ தோற்றுப் போனவர் மாதிரி. பிறகு அவரே சிரித்துவிட்டார். "என் புடவையையும் அடுத்த டிரிப்புல ஏத்துங்க அண்ணா."

"அப்பா," என்றாள் அக்கா. "அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க."

"கிழிக்க மாட்டேன். பின்பக்கம் வெள்ளையா இருக்கு. உனக்குப் பதில் எழுதப் போறேன்."

"நான்தான் போன்ல இருக்கேனே, சொல்லுங்களேன்!"

"போன்ல சொன்னா நீ நடுவுல பேசுவ. கடுதாசியில பேச முடியாதுல்ல?" என்று கைப்பேசியை அவரே அணைத்தார். சரியான பொத்தானைத்தான் அமுக்கினார்.

கடிதத்தை எழுதி முடித்து, அரை டிக்கெட்டிடம் வாசிக்கக் கொடுத்தார். எழுத்து நேர்கோட்டில், பஸ் வரிசைபோல் நின்றது.

'அன்புள்ள பாப்பாவுக்கு,

இன்று வண்டி காலை பதினொன்று பத்துக்குக் கிளம்பியது. பயணிகள்: சட்டை நான்கு, துண்டு இரண்டு, தலையணை உறை ஒன்று. படியில் தொங்கியவர் ஒருவர், உள்ளே ஏற்றப்பட்டார். பன்னிரண்டு பத்துக்குக் கடைசி ஸ்டாப் வந்து சேர்ந்தது. விபத்து ஏதுமில்லை.

எனக்கு மறதி இல்லை. ஹார்னுக்கும் விசிலுக்கும் வித்தியாசம் தெரியாமல் இருந்துவிட்டேன். கண்டக்டருக்கு அது வெட்கம்தான். இனி நடக்காது.

நீ அடுத்து எந்த மெஷின் வாங்கி அனுப்பினாலும் அனுப்பு. அது என்ன பாஷையில் ஹார்ன் அடிக்கிறது என்று கண்டுபிடித்துக்கொள்வேன்.

லீவு கிடைத்தால் வா. ஜன்னலோர சீட் உனக்கு.

அப்பா.'

"ஒரு எழுத்துப் பிழைகூட இல்ல," என்றாள் அரை டிக்கெட்.

"செக்கிங்குக்குப் பயந்து எழுதினது," என்றார் பெரியப்பா.

காகிதத்தை மூன்றாக மடித்து, உறைக்குள் வைத்து, கோந்து தடவி, புறங்கையால் அழுத்தி ஒட்டினார். மாலையில் இருவரும் தெருமுனைத் தபால் பெட்டிக்கு நடந்தார்கள். பெரியப்பா துவைத்த சட்டை போட்டிருந்தார். வெயிலில் காய்ந்து மொறமொறவென்று இருந்தது.

"பெரியப்பா, இவ்வளவு வேலை செஞ்சேனே, இனிமே நான் முழு டிக்கெட்தானே?"

"பன்னிரண்டு வயசு ஆகட்டும். ரூல்னா ரூல்."

அவள் முகம் சுருங்கியது. பெரியப்பா கடிதத்தைப் பெட்டியின் வாயில் பாதி நுழைத்துவிட்டு, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். மறு கையால் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். வெளுத்துப்போன கயிறு. பித்தளை விசில்.

"வண்டி ரெடியா நிக்குது," என்றார். "சிக்னல் குடுக்கணும்ல?"

அரை டிக்கெட் விசிலை இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, இரண்டு முறை ஊதினாள்.

"போலாம் ரைட்!" என்றார் பெரியப்பா. கடிதம் பெட்டிக்குள் விழுந்தது.