சுவருக்கு உயிர்ச்சான்று

முத்துக்கரையில் அன்று காலை எல்லோருக்கும் கை வலித்தது. ஊரே கூடிக் கடற்சுவரைச் சுரண்டித் தேய்த்து, மேலே வெள்ளையும் அடித்திருந்தது. பின்னே, ஆண்டுதோறும் சுவரைச் சோதித்து உயிர்ச்சான்று தர வரும் எந்திர மீன் பழுதாகி, இந்தத் தடவை அதிகாரியே நேரில் வருகிறார் அல்லவா? எந்திரம் வந்தபோதெல்லாம் யாரும் ஒரு குப்பையைக்கூடப் பெருக்கியதில்லை. மனுஷி வருகிறார் என்றால் சும்மா இருக்க முடியுமா?

சுவர்க்குழுத் தலைவி ஜெசிந்தா, அதிகாரி நஸ்ரினைப் பெருமையோடு அழைத்துப் போனாள். அவளுக்கு ஒரே ஓர் உறுத்தல்தான். சுவரின் கடைசியில் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவு, அவள் கணவர் தொம்மையின் பொறுப்பு. மனிதர் அதைத் தேய்க்காமல் தூங்கிவிட்டார். அந்தப் பக்கம் அதிகாரியை விடவே கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

நஸ்ரின் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, நீருக்கடி ஒலியைக் கேட்கும் ‘கடற்செவி’யை நீரில் இறக்கினார். கருவியில் சத்தமே இல்லை. தள்ளிப் போய் இன்னோர் இடத்தில் இறக்கினார். அங்கேயும் இல்லை.

“என்னக்கா, சுவர் இப்படிப் பளபளன்னு இருக்கு?”

“நீங்க வாரியன்னுதாம்மா தேச்சோம். ஒட்டிக் கிடந்த பாசி, கொட்டலசு ஒண்ணு விடல.”

நஸ்ரினின் முகம் வாடிவிட்டது. “சான்று சுவரோட அழகுக்கு இல்லக்கா. அதுல குடியிருக்கற உயிருக்கு.”

ஜெசிந்தாவுக்குத் தெரியாததா? கரை நெடுகச் சுவரும் துறைமுகமுமாகக் கட்டி, மீனும் பவளப்பாறையும் அற்றுப்போன பிறகு வந்த சட்டம் அது. கடலுயிர் குடியேறிய சுவர் நிற்கலாம், மற்றதை இடித்துவிடுவார்கள். சுவர் போனால் பின்னாலுள்ள தெருக்களெல்லாம் வீட்டை விட்டு மேட்டுநிலத்துக்கு ஏற வேண்டியதுதான். எல்லாம் தெரிந்தும், விருந்தாளி என்றதும் கை தானாகத் துடைப்பத்தைத் தேடிவிட்டது.

“தேய்க்காத இடம் ஏதாவது இருக்கா?”

ஜெசிந்தாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. “வளைவுல இருக்கும்மா. ஆனா ஒரே அழுக்கு. நீங்க பாக்கதுக்கு லாயக்கில்ல.”

“அதைத்தான்க்கா பாக்கணும். வளைவும் சுவரோட சேர்த்திதான்.”

வளைவின் கல்லிடுக்கில் கடற்செவி இறங்கியதும், காய்ந்த எண்ணெயில் கடுகு போட்டது போலப் படபடவென்று பொரிந்தது. அத்தனையும் கொடுக்கைச் சொடுக்கி ஒலியெழுப்பும் சொடக்கிறால்கள். நடுவே ஏதோ மீன் ஒன்று கரகரத்தது. நஸ்ரின் சிரித்துவிட்டார்.

“உயிரோட இருக்கு. இங்கிருந்து மத்த இடத்துக்கும் பரவிடும். சான்று தரேன்.”

அப்பாடா! ஜெசிந்தாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அங்கேயே கல்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தொம்மை வாளியும் சுரண்டியுமாக மூச்சிரைக்க ஓடி வந்தார். “கோவிச்சுக்கிடாத ஜெசி, கண்ணசந்துட்டேன். இந்தா, ஒரு நொடியில சுரண்டிருதேன்.”

ஜெசிந்தா துள்ளி எழுந்து சுரண்டியைப் பிடுங்கினாள். “இதுல கைய வச்சியன்னா வீட்டுப் பக்கம் வராதிய! அவிய குடியிருக்கப் போய்த்தான் நமக்கு வீடு.”

தொம்மை சுற்றுமுற்றும் பார்த்தார். “யாரு?”

“சத்தம் போடாதிய” என்று அவள் தண்ணீரைக் காட்டினாள்.

நஸ்ரின் நீட்டிய காதொலிப்பானை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார் தொம்மை. பிறகு, வாளியைச் சத்தம் வராமல் கீழே வைத்தார்.