மறக்க மாட்டியே?

சிட்டு வாய்க்கருகே கொண்டுபோன கரண்டியை அப்படியே நிறுத்திக்கொண்டாள். எதையோ மறந்துவிட்டவள்போல கண்ணைச் சுருக்கினாள். பிறகு இரண்டு தோளும் மேலே ஏற, ஒரு மூச்சை இழுத்துவிட்டாள். அதன்பிறகுதான் கரண்டி வாய்க்குள் போனது.

பள்ளிச் சட்டை ஒன்றின் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. வீட்டிலேயே மெஷின் போட்டுச் சீருடை தைத்துக்கொடுப்பது அவள் பிழைப்பு.

"என்னடி, தொண்டையில சிக்கிடுச்சா?"

"இல்லம்மா. மூச்சு விட மறந்துட்டேன்."

தண்ணீர் பாட்டிலைப் பள்ளியிலேயே மறந்துவிட்டேன் என்று சொல்வதுபோல சாதாரணமாகச் சொன்னாள். அம்மா ஊசியைத் துணியிலேயே குத்திவைத்துவிட்டு அவளருகே நகர்ந்தாள்.

அந்த வீட்டில் அது லேசான பேச்சு இல்லை. போன வருஷம் ஒரு மதியம், தலைவலி என்று அவள் கணவன் இதே அறையில் படுத்தான். கைக்கெட்டும் தூரத்தில் அவள் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். சட்டையை முடித்து, நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, "டீ போடட்டுமா?" என்று கேட்டாள். பதில் இல்லை. அசந்து தூங்குகிற மனுஷனை எழுப்புவானேன் என்று இன்னொரு சட்டையையும் எடுத்துத் தைத்தாள். அதை முடித்துவிட்டுத் தொட்டு எழுப்பியபோது அவனிடம் மூச்சு இல்லை. அந்த இன்னொரு சட்டையை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வரும்.

அன்றிலிருந்து மகள் கண் அயர்ந்தால் போதும், மூக்கின் கீழே அம்மாவின் விரல் வந்துவிடும். வெதுவெதுப்பாக ஒரு சின்னக் காற்று பட்டால்தான் அவளுக்குப் போன உயிர் திரும்பும். கொஞ்சம் தாமதமானாலும் குழந்தையை உலுக்கி உட்காரவைத்துவிடுவாள். அவளுடைய அண்ணன் லிஃப்ட் பழுது பார்ப்பவன், எதற்கும் அசராத ஆள். பார்க்கும்போதெல்லாம் கேலி செய்வான். "தூங்கற புள்ளைய எழுப்பி, உயிரோட இருக்கியான்னு கேக்கற ஒரே ஆளு நீதாம்மா." அவளும் சிரிப்பாள். விரலை மட்டும் விடவில்லை.

பயம் தன்னோடு போகட்டும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, அம்மாவின் விரல் வருவதற்குள் மூச்சைத் தயாராக வைத்திருக்கக் குழந்தை பழகிக்கொண்டது அவளுக்குத் தெரியாது.

மருத்துவர் நெஞ்சிலும் முதுகிலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "குழந்தைக்கு ஒண்ணும் இல்ல. நீங்க பயப்படறத நிறுத்துங்க, அது தானா சரியாயிடும்" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

சரியாகவில்லை. பேசும்போது சிட்டு நடுவில் நின்றாள். படி ஏறும்போது நின்றாள். கடைசியில் தூங்கவே மாட்டேன் என்றாள். "நான் தூங்கிட்டா யாரும்மா மூச்ச இழுக்கறது?" ராத்திரி முழுக்க சுவரில் சாய்ந்து, கண்ணை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து வாளியை இழுப்பதுபோல இழுத்தாள். எதிரே அம்மா உட்கார்ந்திருந்தாள். ஆறு வயதுக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. தான் சீக்கு கொடுத்த குழந்தை என்று பெற்றவளுக்கு நெஞ்சு வலித்தது.

மறுநாள் மதியம் வெயில் ஜன்னல் திரையைத் தாண்டித் தரையில் மஞ்சளாகக் கிடந்தது; பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ ஏதோ சொல்ல ஒரு கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது; மெஷின் எண்ணெயும் புதுத்துணியின் கஞ்சி வாடையும் அறையில் தேங்கி நிற்க, மடியில் கிடந்த குழந்தையின் இமைகள் மூடுவதும் திடுக்கிட்டுத் திறப்பதுமாக இருந்தன. அம்மாவால் அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நீ தூங்குடா. உனக்குப் பதிலா அம்மா பாத்துக்கறேன்."

"எப்படி?"

"நான் இழுன்னா இழு. விடுன்னா விடு. நீ எதையும் நினைக்கவே வேணாம்."

சிட்டு அவளை உற்றுப் பார்த்தாள். "நான் மறந்துட்டாலும் நீ மறக்க மாட்டியே?"

"மாட்டேன்டா கண்ணு."

"இழு" என்றாள். "விடு" என்றாள். குழந்தையின் நெற்றிச் சுருக்கம் மெல்ல மெல்லப் பிரிந்தது. பிடித்திருந்த சேலை நுனியை விரல்கள் விட்டன. எத்தனையோ நாளாகப் பார்க்காத அந்தப் பழைய முகம் திரும்பி வந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. சொல்வதை நிறுத்தினாள்.

நெஞ்சு நின்றது.

பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். அவள் விரலை வைத்தாள். காற்று இல்லை. உலுக்கினாள். தலை இப்படியும் அப்படியும் சாய்ந்தது. கண் திறக்கவில்லை. உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

"இழு!"

நெஞ்சு ஏறியது. ஏறி, அங்கேயே நின்றது.

"விடு."

இறங்கியது.

சொல்லிக்கொண்டே கையை நீட்டிப் போனை எடுத்தாள். சொல்லிக்கொண்டே அண்ணனை அழைத்தாள். "என்னம்மா? என்ன இழுக்கறது? யார விடறது?" என்றான் அவன். அவளால் வேறு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பேசினால் ஒரு மூச்சு போய்விடும்.

அவன் வந்து சேர்வதற்குள் அவள் குரல் பாதியாகிவிட்டது. கருவிப் பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தான். "என்ன ஆச்சு? முதல்ல இத நிறுத்து. புள்ளைய இன்னும் பயமுறுத்தாத."

அவள் தலையை ஆட்டினாள். கண்ணீர் வழிய, ஒரே ஒரு தடவை நிறுத்திக் காட்டினாள்.

அவன் பார்த்தான்.

"ஐயோ, சொல்லும்மா! சொல்லு!"

"இழு."

இருட்டு லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டே ஜோக்கடிக்கிறவன் முகத்தில் ரத்தம் இல்லை. "நீ கொஞ்சம் இரு, நான் சொல்றேன்" என்று குனிந்து, அவனே "விடு, விடு" என்றான். குழந்தை அசையவில்லை. அவள் சொன்னாள். இறங்கியது.

"நான் போய் டாக்டரக் கூட்டி..."

கதவருகே நின்றுவிட்டான். வாய் திறந்தபடி இருந்தது. அவளுக்குத் தொண்டை வறண்டு, எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தாள். விழுங்கும் நேரம், அவ்வளவுதான். அவன் திரும்பினான். ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. இன்னொரு கை தன் நெஞ்சை அழுத்தியிருந்தது.

"இழு" என்றாள்.

இரண்டு நெஞ்சும் ஒன்றாக ஏறின.

அவள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. மறுபடி திறந்தாள். மடியில் மகள் கண்ணை மூடிக்கொண்டும், கதவருகே அண்ணன் கண்ணை அகல விரித்துக்கொண்டும், உள்ளே இழுத்ததை வெளியே விட அவளுடைய உதட்டுக்காகக் காத்திருந்தார்கள்.