பெயர் சுரண்டிய மாத்திரை

கூடத்தில் அப்போது இருந்தவர்கள் ஐந்து பேர். பெரியவர். அவர் மனைவி. பெரியவரின் தம்பி. தம்பி போன மாதம் கட்டிக்கொண்ட இரண்டாம் தாரம். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற, பெரியவரின் மச்சான்.

நால்வர் நின்றார்கள்.

தம்பி தரையில் கிடந்தார்... நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

பக்கத்தில் காபிக் கோப்பை உருண்டு கிடந்தது. காபி போட்டது யார் என்று மச்சான் கேட்டார். நான்தான் என்றாள் தம்பி மனைவி.

மச்சான் சமையலறைக் குப்பையைக் கிளறி ஒரு மாத்திரை உறையோடு வந்தார். கத்தரித்த ஒற்றைத் துண்டு. காலி. பெயர் இருக்க வேண்டிய இடம் பிளேடால் சுரண்டப்பட்டிருந்தது.

"பேரை எதுக்கும்மா சுரண்டின? வெஷமா?"

"சத்தியமா நான் இதைப் பாத்ததே இல்லண்ணா."

பெரியவருக்கு வியர்த்தது. இந்த வயதில் கல்யாணமா, குடும்ப மானம் என்னாவது என்று தம்பியை ஊரறிய ஏசியவர் அவர்.

ஆம்புலன்ஸ் நர்ஸ் வந்தாள். மாரடைப்பு என்றாள். நாக்கின் அடியில் அடிக்கும் மருந்தைக் கையில் எடுத்தபடி, வேறு என்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்டாள். டாக்டர் போடும் ஹார்மோன் ஊசி மட்டும்தான் என்றாள் தம்பி மனைவி.

"ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை ஏதாவது? கூச்சப்படாம சொல்லுங்க. அது உள்ள போயிருந்தா இந்த மருந்து ஆளையே முடிச்சிரும்."

தம்பிக்குப் பேச்சு வரவில்லை. அண்ணனைப் பார்த்தார். கண்களைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க பரம்பரையில அந்தப் பழக்கம் கிடையாது" என்றார் பெரியவர்.

நர்ஸ் தம்பியின் வாயைத் திறந்தாள்.

மருந்து உதட்டருகே போனது...

"நிறுத்தும்மா." பெரியவரின் குரல் அவருக்கே கேட்கவில்லை. "அந்த உறை... அந்த மாத்திரைதான். என்னோடது. பேரைச் சுரண்டினது நான்."

மச்சான் கூரையைப் பார்த்தார். நர்ஸ் மருந்தை உள்ளே வைத்துவிட்டு வேறு ஊசியை எடுத்தாள்.

தம்பி பிழைத்துக்கொண்டார்.

ஹார்மோன் ஊசி போடும் டாக்டர் ஆஸ்பத்திரிக்கே வந்து திட்டினார். மாத்திரை வேண்டும் என்று தம்பி கேட்டாராம். முதலில் இதயத்தைப் பரிசோதிப்போம், அப்புறம் எழுதித் தருகிறேன் என்றாராம் டாக்டர். அதற்குப் பொறுக்காமல் தம்பி, அண்ணன் மாத்திரையை ஒளித்துவைத்திருந்த சவரப் பெட்டியில் கை வைத்துவிட்டார்.

"ஊசியும் மாத்திரையும் சேத்தே எடுக்கலாம். நான் பாத்து அளவு சொன்னா. மறைச்சு முழுங்கினா யார் காப்பாத்தறது?"

வராந்தாவில் பெரியவர் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். தன் வலு தன்னுடையதுதான் என்று அவள் நம்பட்டும் என்றுதானே அத்தனை உறைகளையும் சுரண்டினார்?

அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"ரெண்டு வருஷமா சவரப் பெட்டிக்கிட்ட வெள்ளித் தூளா கொட்டிக் கெடந்துச்சே... யார் பெருக்கினதுன்னு நெனச்சீங்க?"

காபியில் தம்பி மனைவி விஷம் கலந்தாள் என்று இன்றும் தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது.

பொய். அந்தக் காபியில் சர்க்கரைகூடக் கிடையாது.