கதவு கேட்கும் கேள்விகள்

குழந்தைக்குப் பாசிக்கஞ்சி ஊட்டி முடித்து, தலை வாரிக்கொண்டு, வேலைக்குக் கிளம்பி வாசலில் வந்து நின்றாள் நிறைமதி. கதவு திறக்கவில்லை. செவ்வாயின் நிலத்தடியில் இருக்கும் மலையகழி நகரில், கேள்வி கேட்காமல் எந்த வீட்டுக் கதவும் காலையில் திறந்ததில்லை.

“நேற்று, பலர் இருக்கும் இடத்தில் பேச வாயெடுத்து நிறுத்திக்கொண்டீர்களா?” என்று கேட்டது கதவு. “ஒருபோதும் இல்லை என்றால் பூஜ்யம். எப்போதும் என்றால் நான்கு.”

இப்படி இருபது கேள்விகள். யாராவது உங்களை உற்றுப் பார்ப்பதாகத் தோன்றியதா, சாப்பாட்டுக்கூடத்தில் ஆளில்லாத மேசையைத் தேடினீர்களா, நீங்கள் நகர்ந்ததும் பின்னால் சிரித்ததாக நினைத்தீர்களா. பதில்களைக் கூட்டினால் வருவது கூச்ச எண். பொய் சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. எல்லோர் மணிக்கட்டிலும் நாடிப்பட்டை உண்டு. வாய் பூஜ்யம் என்று சொல்லும்போது நாடி தடதடத்தால், கதவு நாடியைத்தான் நம்பும்.

இதை வெறும் கிறுக்குத்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. முதல் தலைமுறையில் ஒருவர் காற்றடைப்பில் கசிவு இருப்பதைப் பார்த்துவிட்டார். ஆனால் ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொல்ல வெட்கம். தப்பாகச் சொல்லி மானம் போய்விட்டால் என்ன செய்வது என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஒரு சுரங்கத்தெருவே மூச்சுமுட்டிச் செத்தது. அதன் பிறகுதான் கூச்சத்தை அளந்தே தீர்வதென்று ஊர் முடிவு கட்டியது.

தொடர்ந்து மூன்று வாரம் எண்ணின் வாரச் சராசரி ஐம்பதைத் தாண்டினால் அமைதிக்கூடம். கடைக்கோடிச் சுரங்கத்தில் ஒற்றை அறை, துவாரம் வழியாகச் சாப்பாடு. எண் இறங்கும்வரை பெற்ற பிள்ளையைக்கூடக் கண்ணில் காட்டமாட்டார்கள். மனிதர்களைக் கண்டு கூசுகிறவரை மனிதரே இல்லாத இடத்தில் அடைத்தால் குணமாகும் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியவில்லை.

நிறைமதிக்கு இரண்டு வாரம் எண் ஐம்பதைத் தாண்டிவிட்டது. மூன்றாவது வாரம் முடியப் போகிறது. மகள் தும்பைக்கு இரண்டு வயது. அம்மா மேல் கால் போட்டுக்கொண்டால்தான் தூக்கம் வரும். அந்தக் குட்டிக் காலை நினைத்தாலே நிறைமதிக்கு நாடி எகிறியது. நாடி எகிறினால் எண் ஏறும். எண் ஏறுமே என்று நினைத்தால் நாடி இன்னும் எகிறும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

அன்று பாசித்தொட்டி வேலை முடிந்ததும், வருவது வரட்டும் என்று நலக்காவலனிடம் போனாள். ஊரின் எல்லாக் கதவுகளுக்கும் பின்னால் இருந்து கேட்கும் இயந்திர மூளை அது. அதற்கென்று ஓர் அறை உண்டு. அங்கே ஒரு நாற்காலியும் குரலும் மட்டும்தான்.

“எனக்கு மனுசங்களப் பாத்துப் பயமில்லைங்க. சாப்பாட்டுக்கூடத்துல என் சத்தந்தான் பெருசா கேக்கும். எனக்குப் பயமெல்லாம் அந்தக் கதவப் பாத்துத்தான்” என்றாள்.

நலக்காவலன் அவளுடைய நாடிக் குறிப்புகளை நாள் முழுவதற்குமாக எடுத்துப் பார்த்தது. பிறகு ஊரார் எல்லோருடையதையும் பார்த்தது. வேலையில், கூடத்தில், சண்டையில்கூட அமைதியாக இருந்த நாடிகள், கதவின் முன்னால் மட்டும் தாறுமாறாக ஓடியிருந்தன.

“நீங்கள் சொல்வது சரி” என்றது. “பெரும்பாலோர் உங்களைப் போலத்தான். இத்தனை காலமாக, என்னைக் கண்டு வரும் பயத்தைத்தான் நான் அளந்திருக்கிறேன்.”

இயந்திரத்துக்கு வறட்டுக் கௌரவம் கிடையாது. தன் கேள்விகளை நிறுத்தச் சொல்லித் தானே தீர்மானம் கொண்டுவருவதாகச் சொன்னது. ஊர்க்கூட்டத்தில் பத்துக் கைகள் உயர்ந்தால் போதும். எண்களைப் பற்றி ஊர்க்கூட்டத்தில் மூச்சுவிடக் கூடாதென்பது சட்டம். ஆகவே காரணத்தை மட்டும் அது அங்கே விளக்க முடியாது.

நிறைமதி துள்ளாத குறையாக வீட்டுக்கு ஓடினாள். கணவன் ஆதனிடம் விஷயத்தைச் சொல்லி, நீ கை தூக்குவாய்தானே என்று கேட்டாள்.

“என்ன கேள்வி இது? மொதல்ல ஏறுறது என் கைதான்” என்றான் ஆதன். நெஞ்சிலிருந்துதான் சொன்னான்.

மறுநாள் மாலை ஊரே கூடியது. “அன்றாடக் கேள்விகள் தேவையில்லை என்று கருதுவோர் கை உயர்த்தலாம்” என்று நலக்காவலன் அறிவித்தது.

முந்நூறு தலைகளும் மெல்ல இடமும் வலமும் திரும்பின. கேள்வி வேண்டாம் என்கிறவன் யார்? எண் அதிகம் உள்ளவன்தானே? முதலில் தூக்குகிற கை, தன் எண்ணைத் தானே தண்டோரா போடுகிற கை. இது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

ஆதனின் கை முழங்காலை விட்டு எழுந்து, காதுவரை போய், பிடரியைச் சொறிந்துவிட்டு இறங்கியது. நிறைமதிக்கு எல்லாம் தெரியும். பக்கத்தில் இருப்பவர்களும் தன்னைப் போலத்தான் என்று இயந்திரமே சொல்லியிருக்கிறது. கையைத் தூக்கவும் செய்தாள். தோள்வரை வந்த கை, மடியில் இருந்த தும்பையின் முடியைச் சரிசெய்யப் போய்விட்டது. அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல ஆத்திரமாக வந்தது அவளுக்கு. ஆனாலும் அது மறுபடி எழவில்லை.

“ஒரு கையும் உயரவில்லை. கேள்விகள் தொடர வேண்டும் என்பது ஊரின் ஒருமித்த விருப்பம்” என்று நலக்காவலன் பதிவு செய்தது.

வெளியே வரும்போது பக்கத்து வீட்டுக் குயிலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ தூக்குவேன்னு பாத்துட்டே இருந்தேன்டி. நீ தூக்கியிருந்தா நானும் தூக்கியிருப்பேன்.”

“நானும் ஒங்களத்தாங்க்கா பாத்துட்டிருந்தேன்” என்றாள் நிறைமதி.

அடுத்து இன்னொருவர் வந்து அதையே சொன்னார். பிறகு இன்னும் இருவர். ஆதன் வழியெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

வாரம் முடிந்தது. எண் ஐம்பத்தாறு. அழைத்துப் போக வண்டி வந்தது. தும்பை அம்மாவின் கழுத்தைவிட்டு இறங்கமாட்டேன் என்று அலறியது. ஆதன்தான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தான்.

ஊர்க்காரர்கள் நல்லவர்கள். சொல்லிவைத்தாற்போல எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து சுரங்கத்தெருவின் இருபுறமும் நின்றார்கள். முன்வரிசையில் இருந்த யாரோ ஒருவர் வழியனுப்பக் கையை உயர்த்தி அசைத்தார். உடனே மற்றவர்களும் உயர்த்தினார்கள். வண்டியின் சிறு சன்னல் வழியாக நிறைமதி எண்ணத் தொடங்கினாள். வளைவு திரும்புவதற்குள் பத்தைத் தாண்டி, நூறையும் தாண்டிவிட்டது.