நாலாவது சுரக்கூட்டு

பியானோவுக்குச் சுருதி சேர்க்க வந்தவள் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கூடத்தில் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தும் காயாத துணியின் வாடை போகவில்லை.

"எங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தும் இந்தப் பியானோவை விடலை," என்றாள் அந்த வீட்டு அம்மாள். "சாயங்காலமானா தானா வாசிக்குது. நாலஞ்சு கட்டை ஒண்ணா அமுங்கி மூணு சுரக்கூட்டு, அப்புறம் நின்னுடும். அவர் தன் இஷ்டத்துக்கு வெச்ச சுருதியை எல்லாப் பியானோவும் மாதிரி மாத்திக் குடுத்துடுங்க. எனக்குத் தூக்கமே போச்சு."

"எங்கண்ணன் வெச்ச சுருதியில யாரும் கை வைக்கக் கூடாது," என்று குறுக்கே வந்து நின்றாள் நாத்தனார். "நாலாவது கூட்டு கிடைக்காமதான் அண்ணி அவன் தவிக்கிறான்."

சுருதிக்காரி கட்டைகளைத் தட்டிப் பார்த்தாள். அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே வழக்கமாக எந்தச் சுரமும் இருக்காது. இறந்தவர் அந்த இடுக்குகளிலும் சுரங்களைக் குடியேற்றியிருந்தார்.

அவள் கையை எடுத்தாள்.

கட்டைகள் தாமாக அமுங்கின.

முதல் கூட்டு. சிரிப்பா, அழுகையா, தெரியவில்லை.

இரண்டாவது. நெஞ்சைப் பிசைந்தது.

மூன்றாவது, தூக்கிய காலை எங்கே ஊன்றுவதென்று தெரியாதவனைப் போல அந்தரத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

சுருதிக்காரிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஓடிவிடலாம் என்றுதான் கால் சொன்னது. காது விடவில்லை. அந்த மூன்றாவது எங்கே போய்ச் சேர ஏங்குகிறது என்பது அதற்குப் புரிந்துவிட்டது.

"வழி தெரியாதவரை விரட்டி என்ன பண்றது?" என்றாள் மெல்ல. "வழியைக் காட்டிடலாம்."

முறுக்குச் சாவியால் ஒரே ஒரு சுரத்தின் கம்பிகளை மயிரிழை அளவு தளர்த்தினாள். நான்கு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினாள்.

அந்தரத்தில் நின்றது இறங்கிவந்து உட்கார்ந்தது. வெந்நீரில் உப்புப்போல எல்லா இறுக்கமும் கரைந்தது. ஈரவாடைகூட விலகியது.

"போயிட்டான் அண்ணி... நிம்மதியாப் போயிட்டான்," என்று நாத்தனார் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணி அவள் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, அவர் இறந்தபிறகு முதன்முறையாக வாய்விட்டு அழுதாள்.

சுருதிக்காரி பியானோவை மூடினாள்.

மூடிக்குள் ஐந்தாவது கூட்டு ஒலித்தது.

நிதானமாக. பதில் சொல்வதைப் போல.

நாத்தனாரின் முகம் மலர்ந்தது. "அண்ணா?"

இத்தனை வருஷம் அவர் வாசிப்பைக் கேட்டு வாழ்ந்த அண்ணி, சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள்.

"கூப்பிடாதே," என்றாள், குரலே எழாமல். "அது உங்கண்ணன் கை இல்லை."