பத்தொன்பது பேருக்கு மருந்தில்லை

காலை 10.12. மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் தெறித்துக் கதவு திறந்தது.

மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார் பூதக்கண்ணாடி. சுகாதாரத் துறையும் சமூக நலத் துறையும் அடுத்த ஆண்டுக்குக் கேட்கும் நிதியை, சட்டமன்றக் குழுவுக்காக வரிவரியாக அலசிப் பார்க்கும் மூத்த அதிகாரி. அவர் கண்ணுக்கு ஒரு புள்ளிகூடத் தப்பாது என்பதால் அந்தப் பெயர். படிக்கும்போது தொந்தரவு பிடிக்காது; உள்ளே தாழிட்டுக்கொள்வார். கோப்பை சாய்ந்து, தேநீர் மேஜையெங்கும் பரவித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"சார்!" என்று அவருடைய உதவியாளர் தோளைப் பிடித்து உலுக்கினாள். கொண்டையில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் அலுவலகத்துக்கே அவள் 'பென்சில்'. அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வியர்வை. மூச்சு மட்டும் நூலிழையாய் ஓடியது.

தேநீர்க்காரரும் காவலாளியும் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பென்சிலும் பின்னால் ஓடினாள்.

"நீ போ தங்கச்சி, அறையை நான் பாத்துக்கறேன்" என்றார் அச்சுப் பிரிவின் கண்காணிப்பாளர். அவள் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கூடப்பிறந்த அண்ணனைப்போல் இருப்பவர்.

ஆம்புலன்ஸில் தேநீர்க்காரர் ஏறிக்கொண்டார். 10.25க்கு அவள் மாடிக்குத் திரும்பியபோது அறை பூட்டியிருந்தது.

அப்போதுதான் பயம் வந்தது. 9.40க்குப் பூதக்கண்ணாடி போனில் சொன்னது காதுக்குள்ளேயே நின்றது.

"பென்சில், மனநலக் காப்பகத்தைப் பாத்தியாம்மா? சாப்பாட்டுப் பக்கமும் மருந்துப் பக்கமும் சண்டை போட்டுக்குது. சாப்பிட அறுபத்துநாலு பேர். மருந்துக்கு நாப்பத்தஞ்சு பேர். அங்க மருந்து இல்லாம ஒருத்தரும் இருக்க முடியாது. அப்ப மீதிப் பத்தொன்பது பேர் எங்க? போன வருஷத்து நிதிப் புத்தகத்தை எடுத்துட்டு வா. யார்கிட்டயும் மூச்சு விடாதே." கடைசி வார்த்தைகள் குழறின. களைப்பு என்று நினைத்துக்கொண்டு ஆவண அறைக்குப் போனாள். தேடி எடுத்து வர அரைமணி நேரம். வந்து தட்டினால் பதில் இல்லை.

11.05. இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். ஒல்லி உடம்பு, தணிந்த குரல்.

"டாக்டர் போன் பண்ணாரு. சர்க்கரை நோயே இல்லாத மனுஷருக்கு ரத்தத்துல சர்க்கரை பாதாளத்துக்குப் போயிருக்கு. யாரோ சர்க்கரை மாத்திரையைப் பொடி பண்ணிக் குடுத்திருக்காங்க. பிழைப்பாரான்னு சாயங்காலம்தான் தெரியும்."

மருத்துவமனையிலிருந்து திரும்பிய தேநீர்க்காரரை முதலில் கூப்பிட்டார்.

"பிளாஸ்க்ல டீ ஊத்தினது நீங்கதானே?"

"ஆமா மேடம். எட்டு மணிக்கு ஊத்தி மேஜைமேல வெச்சேன். சார் எட்டரைக்குத்தான் வருவாரு. அறை தொறந்தேதான் கிடக்கும்."

"இங்க யாருக்கெல்லாம் சர்க்கரை?"

"யாருக்கு இல்லன்னு கேளுங்க மேடம். பாதி ஆபீஸ் சர்க்கரை இல்லாத டீதான்."

அடுத்து, சமூக நலத் துறையின் துணைச் செயலாளர். குழுக் கூட்டத்துக்காக 10.50க்கு வந்தவர்.

"எங்க துறை கேட்டதுல தப்பு கண்டுபிடிக்கறதே அவருக்குப் பொழப்பு. அதுக்காக விஷமா வைப்பேன்? வாசல்ல கையெழுத்துப் போட்ட நேரத்தைப் பாருங்க."

கண்காணிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆம்புலன்ஸ் கிளம்பறதுக்குள்ள அறையைப் பூட்டிட்டேன். சாவி என் பைல. ஒரு ஈ உள்ள போகலை."

11.40. இன்ஸ்பெக்டர் அறையைத் திறந்தார். 9.40 போன் பேச்சை அவரிடம் சொல்லிக்கொண்டே பென்சில், சார் படித்துக்கொண்டிருந்த இந்த வருஷத்து நிதிப் புத்தகத்திடம் நேராகப் போனாள். அதுதான் முதல் பிரதி. கண்காணிப்பாளரின் பிரிவில் அச்சிட்டு நேற்று மாலை வந்தது. மற்றவை மதியம் குழுவுக்கு வரும். சாப்பாட்டுப் பக்கத்தைப் புரட்டினாள். அறுபத்துநாலு. மருந்துப் பக்கம்.

அறுபத்துநாலு.

"மயக்கத்துல உளறியிருப்பாரோ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவரா? தூக்கத்துல கேட்டாக்கூடச் சரியாச் சொல்வாரு மேடம்." புத்தகத்தை எடுத்த இடத்தைப் பார்த்தாள். அடியில் மேஜை பழுப்பாக இருந்தது. தேநீர் காய்ந்த பழுப்பு. ஒரு சாண் தள்ளி, அதே அளவில், நாலு மூலையும் சீராக, ஒரு சுத்தமான கட்டம்.

இன்ஸ்பெக்டர் பின்தொடர, வாசலுக்கு வந்தாள்.

வெளியே நடைவழியில் கண்காணிப்பாளர் நின்றிருந்தார். கையில் டம்ளர். "முகமே வெளிறிப்போச்சு தங்கச்சி. கொஞ்சம் டீ குடி."

வாங்கிக்கொண்டாள். ஆவி முகத்தில் அடித்தது.

"அண்ணே, நீங்க ஒரு வாய் குடிச்சிட்டுக் குடுங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கை நீளவில்லை.

"மேடம்," என்றாள் பென்சில். குரல் அவளுடையதாகவே இல்லை. "டீ கொட்டினப்ப சாரோட புத்தகம் அந்தக் கட்டத்துல இருந்துது. அதனாலதான் அங்க மட்டும் கறை இல்ல. இப்ப இருக்கற புத்தகம் கறைமேல உக்காந்திருக்கு. மேஜையில எல்லாமே நனைஞ்சிருக்க, இதுல ஒரு சொட்டு இல்ல. டீ கொட்டினதுக்கு அப்புறம்தான் இதை வெச்சிருக்காங்க. அதுவரைக்கும் கதவு உள்தாழ்ப்பாள். ஒடைச்சதும் நாங்க எல்லாரும் கீழ ஓடிட்டோம். துணைச் செயலாளர் அப்ப வரவே இல்ல. உள்ள தனியா இருந்தது ஒரே ஆள். ஒரு பக்கத்தை மாத்திப் புதுசா அச்சடிச்சுக் கட்டக்கூடிய ஆளும் அவர்தான்."

டம்ளரை இன்ஸ்பெக்டர் வாங்கிக்கொண்டார். அவரோடு வந்த காவலர் கண்காணிப்பாளரின் பீரோவைத் திறந்தார். பழைய கோப்புகளுக்கு அடியில், தேநீரில் ஊறிய ஓரங்களோடு, அசல் புத்தகம். மருந்துப் பக்கத்தில் நாற்பத்தைந்து.

"காப்பகம் யாருது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கண்காணிப்பாளர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். "என் மச்சான் நடத்தறான். சாப்பாட்டுக்கு அவன் குடுக்கற பட்டியல்தான் கணக்கு. மருந்தை மட்டும் அரசாங்க நர்ஸ் நேர்ல வந்து ஒவ்வொருத்தர் கையிலயும் குடுப்பா. அங்க அவனால ஏமாத்த முடியலை. அச்சடிக்கும்போது நானும் கவனிக்கலை. நேத்து ராத்திரிதான் எனக்கே உறைச்சுது. மாத்தின புத்தகத்தைக் கட்டி முடிக்கப் பத்து மணி ஆயிடும், அதுக்குள்ள அவர் படிச்சிடக் கூடாதுன்னுதான் டீயில கலந்தேன்."

"அந்தப் பத்தொன்பது பேர்?"

"கல்குவாரி." வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "கல்லுடைக்க அனுப்பிட்டான். சொல்றதைச் செய்வாங்க. கேக்க நாதியில்லாதவங்க."

2.00. குழுவின் முன் பென்சில் தனியாகப் போய் நின்று, இரண்டு பக்கங்களையும் வாசித்தாள்.

5.20. மருத்துவமனை. பூதக்கண்ணாடி கண் விழித்திருந்தார். அவள் போன் அதிர்ந்தது. குவாரியிலிருந்து இன்ஸ்பெக்டர். கேட்டுவிட்டு மெல்லக் கீழே வைத்தாள்.

"கிடைச்சாங்களா?" உதடு மட்டும் அசைந்தது.

"கிடைச்சாங்க சார். மருந்து ஏத்திட்டிருக்காங்க. பதினேழு பேருக்கு."

அவர் அவளையே பார்த்தார். கணக்கில் ஒரு புள்ளிகூடத் தப்பவிடாத அந்த மனிதர், மீதியைக் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.